உப்புத் தண்ணீரும் வேரின் வாசலும்



மண்டைதீவு என்றதும் இப்போது பலருக்கு நினைவு வருவது, 2025 செப்டெம்பர் 1ஆம் திகதி அங்கே அடிக்கல் நாட்டப்பட்ட சர்வதேச கிரிக்கெட் மைதானம்தான். நாம் இந்த மாதம் அங்கே போகப்போவது விளையாட்டுப் பார்ப்பதற்கல்ல. யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து பண்ணைப் பாலத்தால் தீவகம் நோக்கிப் போகும்போது இரு பக்கமும் விரிந்து கிடக்கும் ஆழமில்லாத பரவைக்கடலும், அதன் ஓரத்துச் சேற்றில் நிற்கும் கண்டல் செடிகளுமே நமக்கு வேண்டியவை.

கடல் நீரில் ஒரு லீற்றருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. கோடை காலத்தில் பரவைக்கடல் வற்றும்போது இந்த அளவு இன்னும் கூடிவிடும். அந்தத் தண்ணீருக்குள் காலை வைத்துக்கொண்டு வெண்கண்டல் பச்சைப் பசேலென்று நிற்கிறது. அதே கரையிலிருந்து சற்று உள்ளே வாருங்கள். ஒரு வீட்டு வளவில் பெண்ணொருத்தி, சவர் தட்டிய கிணற்று நீரை ஊற்றி மிளகாய்க் கன்று வளர்க்கிறாள். கடல் நீரின் உப்பில் ஆறில் ஒரு பங்கு இருந்தாலே போதும், அவளுடைய கன்றுகள் நுனி கருகி, இலை சுருண்டு, கண்ணெதிரே மாண்டுபோகும்.

இது தீவகத்தாருக்கு மட்டும் உரிய கவலையன்று. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளம், கற்பிட்டிப் பக்கம் வந்து குடியேறிய நம் சகோதரிகளுக்கும் சவர்க் கிணறு புதிய செய்தியல்ல. ஒரு செடி பிழைக்கிறது, இன்னொன்று சாகிறது. ஏன்?

"கண்டலுக்கு உப்பைத் தாங்கும் சக்தி உண்டு" என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். அது பதிலாகாது. கேள்வியையே வேறு சொற்களில் திருப்பிச் சொல்வதாகும். உண்மையான பதில், கண்ணுக்குத் தெரியாத ஒரு வேர்க் கலத்தின் எல்லைச் சவ்வில் இருக்கிறது. இன்னும் சரியாகச் சொன்னால், அந்தச் சவ்வில் இருக்க வேண்டிய வாசல்கள் எப்படி அங்கே போய்ச் சேருகின்றன என்பதில் இருக்கிறது.

பத்தாம், பதினோராம் ஆண்டில் படிக்கும் உங்கள் பிள்ளையின் விஞ்ஞானப் புத்தகத்தை ஒருமுறை திறந்து பாருங்கள். தாவரக் கலத்தின் படம் இருக்கும். வெளியே தடித்த கலச்சுவர். அதை ஒட்டி உட்புறமாக ஒரு மெல்லிய கோடு. அதுதான் முதலுருமென்சவ்வு. கலச்சுவர் வேலி மாதிரி. தண்ணீரும் உப்பும் அதன் இடுக்குகளால் தாராளமாகப் புகுந்துவிடும். உண்மையான எல்லை அந்த மெல்லிய சவ்வுதான். அது கொழுப்பாலானது. கொழுப்பு உப்பை விடாது. ஆகவே கலத்துக்குள் எது வரலாம், எது வெளியே போக வேண்டும் என்பதையெல்லாம் அந்தச் சவ்வில் பதிந்திருக்கும் புரதங்களே தீர்மானிக்கின்றன. தண்ணீருக்கு ஒரு வாசல், பொற்றாசியத்துக்கு ஒரு வாசல், சோடியத்தை வெளியே தள்ளுவதற்கு ஒரு வாசல் என்று தனித்தனியாக உண்டு.

சோடியம் என்பது நம் கறியுப்பின் ஒரு பாதி. அது பார்வைக்குப் பொற்றாசியத்தின் தம்பி மாதிரி இருக்கும். கலத்துக்குள் நடக்கும் வேலைகளுக்குப் பொற்றாசியம் அவசியம். சோடியமோ அண்ணனுக்குரிய வாசலாலேயே நைசாக உள்ளே புகுந்து, அண்ணன் இருக்க வேண்டிய இடங்களில் உட்கார்ந்து, வேலையைக் கெடுத்துவிடும். அதை உடனுக்குடன் வெளியேற்றினால்தான் கலம் பிழைக்கும்.

இந்த வெளியேற்றும் வாசலைக் கண்டுபிடித்த கதை சுவையானது. அமெரிக்காவின் அரிசோனாவில் ஜியன்-காங் ஜூ என்ற ஆய்வாளரும் குழுவினரும் 1990களின் நடுப்பகுதியில், கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அரபிடோப்சிஸ் என்ற சின்னஞ்சிறு செடியின் ஆயிரக்கணக்கான நாற்றுகளை உப்பில் வைத்துப் பார்த்தார்கள். மற்றவை தாங்கும் உப்பையும் தாங்க முடியாமல் துவண்டவற்றைப் பொறுக்கியெடுத்தார்கள். பிழைத்தவற்றை அல்ல, செத்துப்போகும் பலவீனமானவற்றைத் தேடினார்கள் என்பதைக் கவனியுங்கள்! எது கெட்டதால் இவை சாகின்றன என்று பார்த்தால், எது இருப்பதால் மற்றவை வாழ்கின்றன என்பது தெரியவரும் அல்லவா? அப்படித் தெரியவந்தவற்றில் முக்கியமான புரதத்துக்கு எஸ்.ஓ.எஸ்.1 என்று பெயர் வைத்தார்கள். 2000ஆம் ஆண்டில் அதற்குரிய பரம்பரை அலகு பிரித்தெடுக்கப்பட்டது. முதலுருமென்சவ்வில் இருந்துகொண்டு சோடியத்தை வெளியே தள்ளும் புரதம் அது.

சரி, வாசல் எது என்று தெரிந்தது. அந்த வாசல் சவ்வுக்கு எப்படிப் போகிறது?

புரதங்கள் செய்யப்படும் இடம் சவ்வு அல்ல. கருவிலிருந்து வரும் குறிப்பைப் பார்த்து, கலத்தின் உள்ளே இறைபோசோம்கள் என்ற நுண்ணிய மணிகள் அமினோ அமிலங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துப் புரதத்தைச் செய்கின்றன. சவ்வில் பதிய வேண்டிய புரதத்தின் உடலில் பல பகுதிகள் எண்ணெய்த் தன்மை உடையவை. கலத்தின் உட்பகுதியோ தண்ணீர். குளிர்ந்த தண்ணீரில் நெய்யை விட்டால் என்ன ஆகும்? திரண்டு கட்டியாகிவிடும். இந்தப் புரதத்தைத் தனியே தண்ணீரில் நடக்கவிட்டாலும் அதே கதிதான். ஆகவே அது பிறக்கும்போதே ஒரு கொழுப்புச் சவ்வுக்குள் பிறக்க வேண்டும். அந்த இடத்துக்கு அகமுதலுருச் சிறுவலை என்று பெயர். கலம் முழுவதும் வலைபோலப் பரந்திருக்கும் சவ்வுக் குழாய்கள். புரதத்தின் தொடக்கப் பகுதியிலேயே, "என்னை அங்கே கொண்டு போ" என்ற அடையாளம் எழுதப்பட்டிருக்கும். புரதங்கள் இப்படித் தம் விலாசத்தைத் தம் உடலிலேயே சுமக்கின்றன என்று காட்டியதற்காக குந்தர் புளோபல் என்பவருக்கு 1999இல் நோபல் பரிசு கிடைத்தது.

சிறுவலையில் ஒரு பரிசோதனை உண்டு. சரியாக மடிந்திராத புரதத்தை அது வெளியே விடாது. பிடித்து வைத்து, கடைசியில் சிதைத்துவிடும். சில புரதங்கள் நன்றாகவே இருந்தும் துணையில்லாமல் வெளிக்கிட முடியாது. தண்ணீர் வாசல்களில் இரண்டு வகை உண்டு. சோளத்தில் நடந்த ஆய்வொன்றில் 2007இல் கண்டது இது: முதல் வகை தனியே இருந்தால் சிறுவலையிலேயே தங்கிவிடுகிறது, இரண்டாம் வகை கைகோத்து அழைத்துப் போனால்தான் எல்லைச் சவ்வுக்கு வருகிறது. நம் வீடுகளில், துணைக்கு ஒருவர் வந்தால்தான் பிள்ளையை வெளியே அனுப்புவோம் என்று சொல்லும் உம்மாமாரின் நினைவு உங்களுக்கு வரலாம். எனக்கு வந்தது!

பரிசோதனையில் தேறிய புரதம் ஒரு குமிழியில் ஏறுகிறது. சிறுவலையின் சவ்வே ஓரிடத்தில் புடைத்து, கழன்று, சிறு உருண்டையாகிறது. புடகம் என்று புத்தகத்தில் போட்டிருப்பார்கள். ஒரு மில்லிமீற்றர் நீளத்தில் இப்படிப்பட்ட புடகங்கள் பத்தாயிரத்துக்கு மேல் வரிசையாக நிற்கலாம் என்றால் அதன் சிறுமையை எண்ணிப் பாருங்கள். அது நேரே எல்லைக்குப் போவதில்லை. முதலில் கொல்கி உபகரணத்துக்குப் போகிறது. தோசைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவைத்தாற்போன்ற தட்டுகள் அவை. 1898இல் கமிலோ கொல்கி என்ற இத்தாலிய வைத்தியர் முதன்முதலில் கண்டதால் அந்தப் பெயர். அங்கே புரதத்துக்குச் சில இறுதி வேலைகள் செய்யப்பட்டு, எங்கே போக வேண்டுமென்று பிரிக்கப்படுகிறது.

இந்த இடத்தில் தாவரம் நம்மிலிருந்து வேறுபடுகிறது. நம் உடற்கலங்களில் கொல்கி பெரும்பாலும் கருவின் அருகே ஓரிடத்தில் கூடியிருக்கும். தாவரக் கலத்திலோ அது பல பத்து, சில வேளைகளில் நூற்றுக்கணக்கான சிறு அடுக்குகளாகப் பிரிந்து கலமெங்கும் ஓடித் திரிகிறது. இதை எப்படிக் கண்டார்கள் தெரியுமா? ஒருவகைச் சொறிமுட்டை, அதாவது ஜெலிமீன், பச்சை ஒளி வீசும் ஒரு புரதத்தை உடையது. அதைக் கொல்கியில் தங்கும் புரதத்துடன் ஒட்டவைத்து, உயிருள்ள இலையை நுணுக்குக்காட்டியில் பார்த்தார்கள். 1998இல் இங்கிலாந்தின் கிறிஸ் ஹோஸும் கூட்டாளிகளும் பச்சைப் புள்ளிகள் இழைகளின் வழியே, தண்டவாளத்தில் போவதுபோல் ஓடுவதைக் கண்டார்கள். நம் பார்வைக்கு அசையாமல் நிற்கும் ஒரு செடியின் உள்ளே இத்தனை ஓட்டம்!

கொல்கியிலிருந்து இன்னொரு புடகம் புறப்படுகிறது. எல்லைச் சவ்வை அடைந்ததும் அங்கே அதைக் கட்டிப்பிடித்து நிறுத்தும் புரதக் கூட்டம் ஒன்று இருக்கிறது. பிறகு புடகத்தில் உள்ள புரதமும் சவ்வில் உள்ள புரதமும் கயிறு முறுக்குவதுபோல ஒன்றோடொன்று முறுக்கி இழுக்க, இரண்டு கொழுப்புப் படைகளும் கலந்துவிடுகின்றன. கறிக்குழம்பின் மேல் மிதக்கும் எண்ணெய்த் துளிகள் இரண்டு நெருங்கி ஒன்றாவதைத் தினமும் அடுப்படியில் பார்க்கிறீர்களே, அதேதான். புடகத்தின் சவ்வு எல்லைச் சவ்வின் ஒரு பகுதியாகிவிடுகிறது. அதில் இருந்த வாசல் இப்போது எல்லையில் நிற்கிறது. இந்தப் போக்குவரத்தின் இரகசியங்களை ஈஸ்ட்டிலும் விலங்குக் கலங்களிலும் அவிழ்த்த றொத்மன், ஷெக்மன், சூட்ஹொஃப் மூவரும் 2013ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். தாவரங்களிலும் அடிப்படை அதுவே.

எல்லாப் புடகமும் எல்லைக்கே போவதில்லை. எஸ்.ஓ.எஸ்.1 போலவே சோடியத்தைக் கடத்தும் இன்னொரு புரதம் உண்டு. அது எல்லைக்குப் போகாமல், கலத்தின் நடுவே உள்ள புன்வெற்றிடம் என்ற பெரிய நீர்ப்பையின் சவ்வுக்குப் போகிறது. முதலாவது, உப்பை வளவுக்கு வெளியே தள்ளுகிறது. இரண்டாவது, உள்ளே வந்துவிட்ட உப்பைச் சாமான் அறைக்குள் போட்டுப் பூட்டுகிறது. வேலை ஒன்றுதான், போகும் இடம் வேறு. இடம் மாறினால் பயன் மாறிவிடும்.

வந்து சேர்ந்த வாசல் என்றென்றும் அங்கேயே இருப்பதும் இல்லை. பிரான்ஸின் மொன்பெலியே நகர ஆய்வாளர்கள் அரபிடோப்சிஸ் வேர்களை, ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி, அதாவது 6 கிராம் அளவு உப்புள்ள நீரில் வைத்தார்கள். சில மணி நேரத்துக்குள் வேர் தண்ணீரைக் கடத்தும் திறன் 70 சதவீதம் அளவுக்குக் குறைந்துபோனது. 2005இல் அவர்கள் வெளியிட்ட முடிவுகளின்படி, தண்ணீர் வாசல்களில் ஒரு பகுதி எல்லைச் சவ்விலிருந்து மீண்டும் புடகங்களாகக் கழன்று கலத்தின் உள்ளே இழுத்துக்கொள்ளப்பட்டிருந்தது. வெளியே ஆபத்து என்றதும் வேர் தன் குழாய்களைக் கழற்றி உள்ளே வைத்துக்கொண்டதாக வைத்துக்கொள்ளுங்கள். சவர்த் தண்ணீர் ஊற்றிய சிறிது நேரத்தில் மண் ஈரமாக இருந்தும் கன்று வாடுவதைப் பார்த்து, "தண்ணீர் போதவில்லை" என்று எண்ணி இன்னொரு வாளி அதே தண்ணீரை ஊற்றுகிறோம் அல்லவா? அது மேலும் கெடுதலாகிறது.

இனி நம் சோற்றுக்கு வருவோம். தீவகத்து வயல்கள் மாரி மழையை நம்பியவை. மழை பிந்தினால் நிலத்தின் உப்பு மேலே வந்து நாற்றைத் தின்றுவிடும். கேரளக் கரையோரத்தில் பொக்காளி என்ற பழைய நெல் உண்டு. மழைக்காலத்தில் நெல்லும், உப்பு நீர் ஏறும் காலத்தில் இறாலும் என்று ஒரே வயலில் மாறிமாறி விளைவிப்பார்கள். அந்தப் பொக்காளியை ஒரு பெற்றோராகக் கொண்டு நம் நாட்டில் உருவாக்கப்பட்டதுதான் ஏ.ரி. 354 என்ற நெல்லினம். மேற்கு வங்காளத்தின் நோனா பொக்ரா என்ற நெல்லும் இதே குணமுடையது. "நோனா" என்றால் வங்காள மொழியில் உப்பு.

நோனா பொக்ராவின் இரகசியத்தை 2005இல் சீன ஆய்வாளர்கள் வெளிக்கொணர்ந்தார்கள். அதன் வேரில், தண்ணீரை மேலே ஏற்றும் காழ்க் குழாய்களைச் சூழ்ந்துள்ள கலங்களின் எல்லைச் சவ்வில் ஒரு புரதம் நிற்கிறது. மேலே போகும் நீரிலிருந்து சோடியத்தை மட்டும் பிடித்துத் திருப்பியெடுத்துவிடுகிறது. இலைக்குப் போவது உப்புக் குறைந்த நீர். உப்பைத் தாங்காத நெல்லிலும் இந்தப் புரதம் இல்லாமலில்லை! இரண்டுக்கும் நான்கே நான்கு அமினோ அமிலங்களில்தான் வித்தியாசம்.

அப்படியானால் இந்த வாசலைச் செடி முழுவதும் நிறைய வைத்துவிட்டால் நல்லதுதானே என்று நீங்கள் கேட்கலாம். அரபிடோப்சிஸில் அதையும் செய்து பார்த்தார்கள். அவுஸ்திரேலியாவின் அடிலெய்ட்டில் மார்க் டெஸ்ரர் குழுவினர் 2009இல் வெளியிட்ட முடிவு இது. இதே வகைப் புரதத்தை, வேரின் நடுவே காழைச் சூழ்ந்த கலங்களில் மட்டும் கூட்டியபோது மேற்பகுதியில் சேரும் சோடியம் வெகுவாகக் குறைந்தது. எல்லாக் கலங்களிலும் கூட்டியபோதோ செடி முன்னிலும் மோசமானது! வெளிப்பக்கத்துக் கலங்களில் அது உப்பை உள்ளே அழைத்துவரும் வாசலாகிவிட்டது. "உப்பைத் தாங்கும் பரம்பரை அலகைக் கண்டுபிடித்துவிட்டார்கள்" என்று பத்திரிகைகளில் வரும் தலைப்புகளை நான் சற்றுத் தயங்கியே படிப்பது இதனால்தான். புரதத்தைச் செய்வது ஒரு பங்கு வேலை. சரியான கலத்தில், சரியான சவ்வில் அதை நிறுத்துவது மிச்ச வேலை.

சென்னையில் 1988இல் தொடங்கப்பட்ட எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில் அஜய் பரிடாவும் குழுவினரும் நம் கரைகளிலும் வளரும் அதே வெண்கண்டலின் பரம்பரை அலகுகளை எடுத்து நெல்லில் சேர்த்துப் பார்த்தார்கள். 2008இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில் பூசா பாஸ்மதி நெல்லுக்குக் கொடுக்கப்பட்டது, உப்பால் உண்டாகும் நச்சுப் பொருள்களை அழிக்கும் ஒரு நொதியம். அந்த நெல் உப்பைக் கூடுதலாகத் தாங்கியது. இந்த நொதியம் கலத்தின் நீர்ப்பகுதியிலேயே வேலை செய்வது என்பதைக் கவனியுங்கள். சிறுவலை, கொல்கி, புடகம் என்ற நீண்ட பயணம் அதற்குத் தேவையில்லை. ஒருவகையில் இலகுவான வழி. ஆனால் அது உப்பை வெளியேற்றுவதில்லை. உப்பு செய்யும் கேட்டைக் குறைக்கிறது. வெண்கண்டல் தானோ வேரிலேயே உப்பின் பெரும்பங்கைத் தடுத்து, மிச்சத்தை இலையிலுள்ள சுரப்பிகளால் வெளியே கொட்டிவிடுகிறது. வெயில் நேரத்தில் அதன் இலையை நாக்கில் வைத்துப் பாருங்கள், உப்புக் கரிக்கும்.

மிளகாய்க் கன்று வைத்திருக்கும் சகோதரிக்கு இதிலெல்லாம் என்ன பயன்? உண்டு. எஸ்.ஓ.எஸ்.1 வாசல் சவ்வில் வந்து நின்றால் மட்டும் திறந்துவிடாது. உப்பு வந்ததும் கலத்துக்குள் கல்சியம் கூடும். அந்தக் கல்சியத்தை ஒரு புரதம் உணர்ந்து இன்னொன்றை எழுப்ப, அது போய் வாசலைத் திறக்கும். வேரைச் சுற்றிக் கல்சியம் போதிய அளவு இருந்தால் செடி உப்பை நன்றாகச் சமாளிக்கும் என்பது விவசாயிகள் அனுபவத்தில் அறிந்தது. சோடியம் ஏறி இறுகிப்போன களிமண் நிலத்துக்கு ஜிப்சம் போட்டு, மழை நீரால் கழுவிவிடச் சொல்வதும் ஓரளவு இதற்காகவே. உங்கள் வளவு மண்ணுக்கு அது வேண்டுமா, எவ்வளவு வேண்டும் என்பதை விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டுச் செய்யுங்கள். சுண்ணக்கல் நிலத்துக்கு ஒரு கணக்கு, களிமண்ணுக்கு வேறு கணக்கு.

நாற்றுப் பருவத்தில்தான் செடி உப்புக்கு அதிகம் பயப்படும். ஆகவே மாரியில் கூரைத் தண்ணீரை ஒரு பீப்பாயில் பிடித்து வைத்து, முதல் சில வாரங்களுக்கு அதையே ஊற்றுங்கள். பிறகு கிணற்று நீரைச் சிறிது சிறிதாகக் கலந்து பழக்கலாம். தண்ணீரை இலைமேல் தெளிக்காதீர்கள். இலையில் காயும் உப்பு இலையையே எரிக்கும். அடியில் ஊற்றி, காய்ந்த ஓலையோ சருகோ பரப்பிவிடுங்கள். போஞ்சி, கரட், வெங்காயம் மூன்றும் சவர் தண்ணீருக்கு மிகவும் கூச்சப்படுபவை. பீற்றூட் ஓரளவு தாங்கும். பேரீச்சை நன்றாகத் தாங்கும், பழம் பார்க்கும் பொறுமை உங்களுக்கு இருந்தால்!

கிணற்றைப் பற்றி ஒரு சொல். சின்னத் தீவில் நல்ல தண்ணீர் என்பது கீழேயுள்ள உப்பு நீரின்மேல் மிதக்கும் ஒரு படை. கடல் மட்டத்துக்கு மேலே அது ஓரடி நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடிக்கு உப்பை அமிழ்த்தி வைத்திருக்கும் என்பது 100 ஆண்டுகளுக்கு முன்பே போடப்பட்ட கணக்கு. மோட்டரைப் போட்டு மேலே ஓரடியைக் குறைத்தால் கீழிருந்து உப்பு எத்தனை அடி ஏறும் என்று நீங்களே கணக்குப் பாருங்கள். துலாவால் இறைத்த காலத்தில் கிணறு ஊறி நிரம்ப நேரம் கிடைத்தது. இப்போது ஆழிக்குத் தண்ணீர் விழும் சத்தம் நிற்பதற்குள் அடுத்த தொட்டி நிரம்பிவிடுகிறது. மோட்டர் வைத்திருப்பவர்கள் ஒரே மூச்சில் இறைக்காமல், காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம் என்று இறையுங்கள். ஒருமுறை மேலே ஏறிய உப்பு, மோட்டரை நிறுத்தியதும் இறங்கிவிடாது. அடுத்த மாரி வரை காத்திருக்க வேண்டும். சில கிணறுகளுக்கு ஒரு மாரி போதாது.

காற்றே புகாத அந்தச் சேற்றுக்குள் கண்டலின் வேர் எப்படி மூச்சு விடுகிறது என்பதை, இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் பார்ப்போம்.